முதுகு வலியோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு என்று வழக்கமாகப் பேசுகிற கூட்டத்தில் இந்த முறை முதுகு வலியைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். நான் மருத்துவர் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பின்பாதி முழுவதும் இடுப்பு வலியோடுதான் கவுண்ட்டரில் உட்கார்ந்தேன். அந்த அனுபவத்தையும், அக்கறையோடு தேடிப் படித்ததையும் உங்களிடம் சொல்கிறேன்.

யாருக்காகப் பேசுகிறேன் என்றால், வலி வந்தாலும் மறுநாள் காலை வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்களுக்காக. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி, உட்கார இடம் கிடைக்காமல் தாம்பரம் தாண்டியும் நின்றபடி போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சிறுசேரியிலும் மகேந்திரா சிட்டியிலும் கம்ப்யூட்டர் முன்னால் ஒன்பது மணி நேரம் உட்காருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் சமையல் மேடை முன்னால் நிற்கிற பெண்களுக்கோ ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது.

நாம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. 13 பேரில் ஒருவர். அதிலும் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒரு காரணம் இருப்பதில்லை.

முதல் கேள்வி: வலி வந்தால் படுத்துக்கொள்ள வேண்டுமா? நம் வீடுகளில் உடனே சொல்வது, "அசையாமல் படு" என்பதுதான். பின்லாந்தில் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் இதையே சோதித்துப் பார்த்தார்கள். திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் ஒரு பகுதியினரைப் படுக்கையில் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு முதுகுக்கான பயிற்சிகள் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினரிடம், வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். 1995-இல் முடிவு வெளியானது. அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். படுத்திருந்தவர்கள்தான் கடைசி. ஒருநாள் கூலியை விட முடியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வேலையின் அளவைக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது பயம், ஸ்கேன் அறிக்கை. "டிஸ்க் தேய்ந்துவிட்டது" என்ற ஒரு வரியைப் படித்ததும் பாதி தெம்பு போய்விடுகிறது. வணிகவியல் படித்தவர்களுக்குத் தேய்மானம் பழகிய சொல். ஒரு இயந்திரத்துக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதுவோம். புத்தகத்தில் அதன் மதிப்பு குறைந்துகொண்டே வரும். இயந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முதுகும் ஏறக்குறைய அப்படித்தான். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். நரை போல வயதோடு வருவதும் அதில் உண்டு. அறிக்கையை மருத்துவர் உங்கள் உடம்போடு ஒப்பிட்டுப் படிக்கட்டும். நீங்களாகப் படித்துப் பயப்பட வேண்டாம்.

அப்படியானால் முதுகுக்கு எதுதான் ஆகாது? ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பது. மாமல்லபுரம் ஐந்து ரதம் சாலையில் நடந்து போனால் சிற்பிகள் வேலை செய்வதைப் பார்க்கலாம். அவர்கள் செதுக்கும் கல் சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செதுக்கும் முதுகு எப்படி வளைந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சிறிய சிலை என்றால் தரையில் உட்கார்ந்து குனிய வேண்டும். பெரிய சிலை என்றால் நின்றபடி சாய வேண்டும். மெஷினைப் பிடித்தால் அதிர்வும் சேர்ந்துகொள்ளும். எங்கள் காலத்து வங்கியிலும் இதே கதைதான். கனமான லெட்ஜரைத் தூக்கி, பிரித்து, குனிந்து எழுதினோம். கம்ப்யூட்டர் வந்ததும் சுமை போயிற்று. கூடவே எழுந்து நடக்கிற அவசியமும் போயிற்று. என்னைப் போன்ற பலருக்கு வலி அதன் பிறகுதான் கூடியது.

ஆகவே நான் கடைப்பிடித்து, பலன் கண்டவற்றைச் சொல்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். போன் வந்தால் நின்றபடி பேசுங்கள். நின்றே வேலை செய்பவர்கள் ஒரு காலைச் சிறு பலகை மேல் மாற்றி மாற்றி வையுங்கள். தரையில் இருப்பதைத் தூக்க முழங்காலை மடக்கி, பொருளை உடம்போடு ஒட்டி வைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள். 20 லிட்டர் கேனில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. சமையல் எரிவாயு சிலிண்டரில் வாயு 14.2 கிலோ, காலி உருளையே அதே அளவு கனக்கும். இவற்றைத் தூக்காமல் உருட்டுங்கள், அல்லது இரண்டு பேராகப் பிடியுங்கள்.

வலி குறைந்ததும் நடக்கத் தொடங்குங்கள். முதுகு வலியிலிருந்து தேறிய 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. படிப்படியாக நடையைக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற இலக்கை நோக்கிப் போனவர்களுக்கு, அன்றாட வேலையைப் பாதிக்கும் அளவுக்கு வலி திரும்ப வர நடுவாக 208 நாள் ஆயிற்று. மற்றவர்களுக்கு 112 நாள். செலவில்லாத மருந்து இது. நம் வளாகத்தைச் சுற்றி வந்தாலே போதும்.

இடுப்பு பெல்ட்டைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கி நாள் கணக்கில் விழுங்காதீர்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு அது ஆபத்தாக முடியலாம்.

சில அறிகுறிகள் வந்தால் வேலை, நடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் பலமிழப்பது ஆகிய மூன்றும் அவசரம். அன்றே போக வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்த பிறகு வரும் வலி, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கு வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எழுந்து போக முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

இதுவரை சொன்னது நம் முதுகைப் பற்றி. இனி, நமக்காக வளைகிற முதுகுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2021 செப்டம்பரில் தமிழக சட்டப்பேரவை, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டு வந்தது. நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்க்கிற ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதுதான் அது. கேரளம் 2018-இலேயே இதைச் செய்திருந்தது. ஜவுளிக்கடைப் பெண்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்க ஒரு சட்டமே தேவைப்பட்டது. நம் வளாகத்துக்கு எந்தச் சட்டமும் வேண்டாம். நாம் மனது வைத்தால் போதும்.

வாசலில் காவலுக்கு இருப்பவர் உட்காருவது முதுகுச் சாய்வு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில். படிக்கட்டு பெருக்குகிற அக்கா குட்டைத் துடைப்பத்தோடு நான்கு மாடியும் குனிந்தபடியே வருகிறார். தண்ணீர் கேன் போடுகிற தம்பி, லிஃப்ட் நின்ற நாளில் இரண்டு கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறுகிறார். இவர்கள் யாரும் நம்மிடம் முதுகு வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் வேறு ஆள் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். வலியைவிட அந்தப் பயம் பெரியது.

எனவே அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு நான்கு கோரிக்கைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, காவலருக்கு முதுகுச் சாய்வுள்ள நல்ல நாற்காலி, மணிக்கொருமுறை வளாகத்தைச் சுற்றி நடந்து வர அனுமதி. இரண்டு, நீளக் கைப்பிடி வைத்த துடைப்பமும் மாப்பும். மூன்று, கேனும் சிலிண்டரும் கொண்டுபோக ஒரு தள்ளுவண்டி. லிஃப்ட் ஓடாத நாளில் கேனைக் கீழேயே இறக்கி வைக்கச் சொல்வது. நான்கு, வலி என்று சொல்கிற ஊழியருக்குச் சில நாள் இலகுவான வேலை, சம்பளப் பிடித்தம் இல்லாமல்.

கணக்கு எழுதிப் பழகிய கை. செலவையும் போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் மூன்றும் ஒருமுறைச் செலவு, பராமரிப்பு நிதியிலேயே அடங்கும். நான்காவதுக்குப் பணம் அதிகம் வேண்டாம், உங்கள் சம்மதம் வேண்டும். செயற்குழுவுக்கு வாருங்கள், கை தூக்குங்கள்.