தோற்ற ஆட்டத்தைப் பேசும் முறை

(முன்னாள் மாணவர் சந்திப்பில், கல்லூரியின் பழைய கூடைப்பந்து அணி வீரர் ஒருவர் பேசியது)



என்னைப் பேசச் சொன்னபோது, "மேடைப் பேச்செல்லாம் நமக்கு வராதுங்க, வேணும்னா பந்து போடறேன்" என்றேன். "பந்து போடற வயசு போயிருச்சுங்க, பேசிட்டே போயிருங்க" என்றார் செயலாளர். பத்து நிமிடம் தந்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

இன்று மதியம் சாப்பாட்டுப் பந்தியில் ஒரு சண்டை. எங்கள் செட் ஆட்கள் நாலு பேர், எல்லோருக்கும் அறுபது தாண்டியாயிற்று. விஷயம் என்ன தெரியுங்களா? 2024 ஆகஸ்ட் 4-ல் சேப்பாக்கத்தில் நடந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதியாட்டம். நம்ம கோவை கிங்ஸ் 2022-ல் கோப்பையைச் சேப்பாக் அணியோடு பகிர்ந்துகொண்டது. 2023-ல் நெல்லையை 104 ரன் வித்தியாசத்தில் அடித்துத் தனியாகவே வாங்கியது. 2024-ல் மூன்றாவது முறை கைக்கு வரும் என்று இருந்தோம். திண்டுக்கல் தட்டிக்கொண்டு போய்விட்டது.

ஒருவன் "பவுலிங் மாத்துனது சரியில்ல" என்கிறான். இன்னொருவன் "அஸ்வினை நிக்க விட்டதுதான் தப்பு" என்கிறான். அஸ்வின் 52 அடித்தார், உண்மைதான். ஆனால் பந்தியில் ஒருத்தரும் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. நம்ம ஆட்கள் 20 ஓவரில் எடுத்தது 129. ஓவருக்கு ஆறரை ரன்கூட இல்லை. அதைப் பிடிக்கத் திண்டுக்கல்லுக்கு 18.2 ஓவர் ஆனது. அவ்வளவு சின்ன ஸ்கோரை வைத்துக்கொண்டு பவுலர்கள் பத்தொன்பதாவது ஓவர் வரைக்கும் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டியவர்களையே நாம் பாயசம் சாப்பிட்டுக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தோம்.

நான் கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில் முப்பத்தொரு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். பம்பு காஸ்டிங் லேத்துக்கு வரும். மேல் தோலைக் கடையும்போது உள்ளே ஓட்டை தெரியும். பீஸ் ரிஜெக்ட். தெரிந்த இடம் லேத்து. அதற்காக லேத்துக்காரனைத் திட்டினால் அடுத்த பீஸ் சரியாக வந்துவிடுமா? மணலில் ஈரம் அதிகமா, கோர் சரியாகக் காயவில்லையா, உலோகம் ஆறின பிறகு ஊற்றினார்களா என்று பின்னாலே போய்ப் பார்க்க வேண்டும். ஆட்டமும் அப்படித்தானுங்க. தோல்வி கண்ணுக்குத் தெரிகிற இடம் கடைசி நிமிடம். அது உண்டான இடம் பெரும்பாலும் வேறு.

என் ஆட்டம் கூடைப்பந்து. அதிலிருந்தே ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் என்று ஓர் அணி. அந்த சீசனில் 82 ஆட்டத்தில் 65 ஜெயித்தவர்கள். 2018 மே 28 அன்று கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுடன் ஏழாவது, முடிவு ஆட்டம். ஜெயித்தால் இறுதிச் சுற்று. பாதி ஆட்டத்தில் 54-43 என்று பதினொரு புள்ளி முன்னிலை. பிறகு தொடர்ந்து 27 மூன்று புள்ளி எறிதல்கள் தவறின. மொத்தம் 44 எறிந்ததில் 7 விழுந்தன. முடிவு 101-92. தோல்வி.

"விழாதபோது ஏன் விடாமல் எறிந்தார்கள்?" என்று ரசிகர்களில் ஒரு கட்சி. "அப்படி எறிந்துதானே 65 ஆட்டம் ஜெயித்தார்கள்?" என்று மறு கட்சி. இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. வழக்கமாக அவர்களுக்கு மூன்றுக்கு ஒன்று விழும். அன்று அந்தக் கணக்கில் விழுந்திருந்தாலே ஜெயித்திருப்பார்கள். ஆக, திட்டம் முட்டாள்தனமானது என்று சொல்ல முடியாது. ஆனால் முக்கிய வீரர் கிறிஸ் பால் தொடைத் தசைக் காயத்தால் வெளியே இருந்தார். மிச்சம் இருந்தவர்களின் கால் தளர்ந்த பிறகாவது, தூரத்திலிருந்து எறிவதைக் குறைத்து வளையத்துக்குக் கிட்டே போயிருக்கலாம். கெட்ட நேரம் எவ்வளவு, நம் தப்பு எவ்வளவு என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன்தான் நல்ல ரசிகன்.

இன்னொன்று, முடிவை வைத்தே மூளையை எடை போடுகிற பழக்கம். 2019 மே 12, ஹைதராபாத், ஐ.பி.எல். இறுதியாட்டம் உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சென்னை ஜெயிக்க கடைசி ஓவரில் 9 ரன். மும்பை கேப்டன் ரோகித் பந்தை யாரிடம் கொடுத்தார்? அதுவரை மூன்று ஓவரில் 42 ரன் கொடுத்திருந்த மலிங்காவிடம். வாட்சன் 80-ல் ரன் அவுட். கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும், ஷர்துல் தாக்குர் எல்.பி.டபிள்யூ. ஒரு ரன்னில் போச்சு. "ரோகித் பெரிய மூளைக்காரர்" என்றார்கள். அந்தப் பந்து மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்குப் போயிருந்தால், அதே வாய்கள் என்ன சொல்லியிருக்கும்? "நாப்பத்திரண்டு குடுத்தவன்கிட்ட எவனாவது பந்தைக் குடுப்பானா?" முடிவெடுத்தவர் ஒரே ஆள், எடுத்த முடிவும் ஒன்றேதான். ஒரு பந்து மாறியிருந்தால் புத்திசாலி முட்டாளாகியிருப்பார். நாம் பார்க்க வேண்டியது, முடிவெடுத்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைத்தான்.

இதெல்லாம் இப்போது வக்கணையாகப் பேசுகிறேன். அன்றைக்கு எனக்கு இந்தப் புத்தி இருக்கவில்லை.

1983. கபில்தேவ் உலகக் கோப்பை வாங்கிய வருஷம். கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து இறுதியாட்டம். அப்போது மூன்று புள்ளிக் கோடெல்லாம் கிடையாது. உலகக் கூட்டமைப்பு அதை ஏற்றுக்கொண்டதே 1984-ல்தான். நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றுக்கொண்ட பசங்க நாங்கள். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். சில விநாடிதான் பாக்கி. எங்கள் ஆள் ஒருவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. பதினைந்து அடி தூரம், குறுக்கே யாரும் இல்லை. முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. இரண்டாவதும் அப்படியே.

திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் அவனோடு பேசவில்லை. மறுநாள் ஹாஸ்டலில் அவனுக்கு "ரிம்மு" என்று பெயர் வைத்தாயிற்று. வைத்தவன் யார் தெரியுங்களா? நான்தான். படிப்பு முடிகிறவரை அந்தப் பெயர்தான். இந்தச் சந்திப்புக்கு எத்தனையோ முறை கூப்பிட்டும் அவன் வந்ததில்லை. "வேலை இருக்குதப்பா" என்பான். நாங்களும் நம்பினோம்.

போன வருஷம் வீடு மாற்றும்போது பழைய ட்ரங்குப் பெட்டியில் அந்த ஆட்டத்தின் ஸ்கோர் புத்தகம் கிடைத்தது. பவுண்டரிக்காரன் இல்லையா, உட்கார்ந்து பின்னாலே போய்ப் பார்த்தேன். அன்று எங்கள் அணிக்கு மொத்தம் 22 ஃப்ரீ த்ரோ. 13 தவறியிருக்கிறோம். அதில் என் கணக்கு மட்டும் ஐந்து. அவனுடையது அந்தக் கடைசி இரண்டுதான். நான் ஐந்தில் இரண்டைப் போட்டிருந்தால் அவன் அந்தக் கோட்டில் போய் நிற்கும்போதே நாங்கள் முன்னிலையில் இருந்திருப்போம். பயிற்சியில் ஃப்ரீ த்ரோ என்றாலே "அது யாருக்குடா தெரியாது" என்று பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவதும் நாங்கள்தான்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தான். வெகு நேரம் பேசவில்லை. வீட்டுக்காரம்மா கொண்டு வந்து வைத்த காபி ஆறிப்போயிற்று. அப்புறம் ஒரே ஒரு வார்த்தை கேட்டான்: "இதை அன்னிக்கே பாத்திருக்கலாமேடா?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் இல்லை.

தம்பி தங்கைகளே, இந்த வருஷம் நம் கல்லூரி அணி மண்டல ஆட்டத்தில் தோற்று வந்தது. அன்று ராத்திரியே பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், கடைசிப் பந்தைத் தவறவிட்ட பையனின் போட்டோ சுற்றியது. கீழே கேலி. அனுப்பியவர்களில் என் வயதுக்காரர்களும் உண்டு. எங்கள் காலத்தில் ஒரு பட்டப்பெயர் ஹாஸ்டலோடு நின்றது. இன்று அது அந்தப் பையனின் வீடு வரைக்கும் போகிறது. அவனுக்கு வயது பத்தொன்பது.

தோற்ற ஆட்டத்தைப் பேச வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நன்றாகப் பேசுங்கள். பேசாவிட்டால் அடுத்த ஆட்டமும் போய்விடும். ஆனால் ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கடைசியில் பந்தைக் கையில் வைத்திருந்தவனைப் பிடித்து உலுக்குவதற்கு முன்னால், முதல் பாதியில் நாம் தவறவிட்ட ஐந்தை எண்ணிப் பாருங்கள்.

என் நண்பன் இன்று வந்திருக்கிறான். எந்த வரிசையில் இருக்கிறான் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் எழுந்து போய்விடுவான். டேய், நாற்பது வருஷம் தாமதம்தான். என் கணக்கில் ஐந்து தப்பு. மன்னிச்சுக்கோ.