கொல்லைப்புறத்தில் ஒரு நிழற்குடில்



பசுமைக்குடில் என்றவுடன் கண்ணாடி மாளிகையோ, பாலித்தீன் தாள் போர்த்திய பெருங்கூடாரமோ நம் நினைவுக்கு வருகிறது. உரோமப் பேரரசன் திபேரியசுக்கு ஆண்டு முழுவதும் வெள்ளரிக்காய் வேண்டுமென்று, ஒளி ஊடுருவும் கல்தகடுகளை மூடிச் செடி வளர்த்தார்கள் என்பர். குளிர்நாட்டார் பிற்காலத்தில் அதனைக் கண்ணாடியால் அமைத்தனர். உட்புகும் வெயில் மண்ணைச் சூடாக்கும். சூடேறிய காற்று வெளியேற வழியின்றித் தங்கும். ஓசூரின் குளிர்ந்த மேட்டு நிலத்தில் ரோசாவுக்கு அது பொருந்துகிறது. அருப்புக்கோட்டையின் சித்திரை வெயிலில் அப்படியொன்றைக் கட்டினால் நாற்று வெந்துவிடும்.

நமக்கு வேண்டியது வெயிலைப் பாதியாக்கும் குடில். இது நம் மண்ணுக்குப் புதிதன்று. வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தி நிழலிலேயே கொடி படர்கிறது. அங்கே கூலிக்கு உழைத்த கைகள் எவருடையவை என்பதை இம்மன்றத்தில் விளக்க வேண்டியதில்லை.

இடம் எங்கே என்று இளைஞர் கேட்பர். 1892ஆம் ஆண்டு முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. நம்மில் பலருக்கு இன்றுள்ளது அரசு வழங்கிய 3 சென்ட் வீட்டுமனை. அதாவது ஏறத்தாழ 1,307 சதுர அடி. வீடு போகக் கொல்லையில் 20 அடி நீளமும் 10 அடி அகலமும் கிடைத்தால் போதும். மானியம் உண்டு, ஆனால் நில ஆவணம் கேட்பர். அதனை நம்பிக் கடன்பட்டுப் பெரிதாகத் தொடங்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

ஆறு கருவேலங்கால்கள் போதும். அடிப்பகுதிக்குத் தார் பூசி, இரண்டடி ஆழத்தில் நட வேண்டும். கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். ஆகவே குழியில் சரளைக்கல் இட்டு இறுக்காவிடில் கால் சாயும். தரையிலிருந்து ஏழடி உயரத்தில் கம்பி இழுத்து, 50 விழுக்காட்டு நிழல்வலையை அதன்மேல் கட்டுக. பக்கங்களில் நெருக்கமான பூச்சித்தடுப்பு வலை வேண்டும். மிளகாய், தக்காளியில் இலைச்சுருட்டை நோயைப் பரப்பும் வெள்ளை ஈயை அது தடுக்கும். ஆடும் கோழியும் நுழையா. காற்றுக்கு மூலைதோறும் சாய்வுக் கம்பி கட்டி முளையடிப்பது அவசியம்.

உள்ளே நடைபாதை போக 60 குழித்தட்டுகள் வைக்கலாம். தட்டுக்கு 98 குழி. ஆக 5,880 நாற்று. கணக்கென்றால் கரும்பலகையைத் தேடும் பழக்கம் நம்மை விடுவதாக இல்லை! இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 14,500 செடி பிடிக்கும்; எனவே ஒரு சுற்று நாற்று ஏறத்தாழ 40 சென்ட் நிலத்துக்குக் காணும். தக்காளி நாற்று 25 நாளிலும், மிளகாய் நாற்று 40 நாளிலும் ஆயத்தமாகும். தட்டுகளை மக்கிய தென்னைநார்க் கழிவால் நிரப்புக. பூவாளியால் காலை மாலை நீர் தெளிக்கலாம். உவர்நீர் ஆகாது, இளநாற்று கருகும். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைப்பது நன்று.

விற்பதானால் விதை விற்பனை உரிமம் பெற வேண்டும். ஐயம் எழுந்தால் கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வாயிலில் தயங்கி நிற்காதீர்கள். அது பொதுப்பணத்தில் நடப்பது.

பட்டம் பெற்றும் வேலைக்குக் காத்திருக்கும் இளைஞருக்கு இதுவே முழுப்பிழைப்பு என்று நாம் கூறவில்லை. ஆனால் இதுவரை நாற்று நட மட்டுமே நம் பெண்களை அழைத்தார்கள். கூலியை அவர்களே சொன்னார்கள். நாற்றே நம் கொல்லையில் இருக்குமானால், வாங்க வருபவர் எத்தெருவினராயினும் விலையைச் சொல்பவர் நம் வீட்டுத் தாயாவார். அந்தப் பணம் மகளின் கல்லூரி விடுதிக் கட்டணத்துக்கு உதவும்.

புரட்டாசிக் கடைசியில் மிளகாய் நடுவதற்கு ஆவணி நடுவில் விதை ஊன்ற வேண்டும். எனவே ஆடிக்குள் கால் நட்டு முடித்துவிடுங்கள்.