காரி பாவ்லியில் கற்ற பாடம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிக் படிப்போடு நின்று, இரயில்வேக் கோப்புகளோடு காலம் கழிக்கும் எம்மைப் போன்றோருக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. எனினும், சங்கத்தார் பணித்தமையால், பழைய டில்லியின் மசாலாச் சந்தையில் நாங்கள் கற்ற சிறு பாடம் ஒன்றைக் கூற விழைகிறோம்.

சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியில், 1650இல் கட்டப்பெற்ற ஃபதேபுரி மசூதியை அடுத்து உள்ளது காரி பாவ்லி. உவர்நீர்ப் படிக்கிணறு என்பது அப்பெயரின் பொருள். கிணறு மறைந்தது; பெயர் நிலைத்தது. இடுக்கி ஏலமும், குண்டூர் மிளகாயும், காசுமீரக் குங்குமப்பூவும் அங்கே ஒரே தெருவில் கூடுகின்றன. மிளகாய் நெடியில் தும்மாமல் அத்தெருவைக் கடத்தல் அரிது.

நம் சாம்பாரின் உயிரான பெருங்காயம் தமிழ்நாட்டு விளைபொருள் அன்று. ஆப்கானிஸ்தானம், ஈரான் முதலிய நாடுகளில் ஒருவகைச் செடியின் வேரைக் கீறி, வடியும் பாலை உலர்த்தி எடுப்பது அது. இமாசலத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் அதனைப் பயிரிடும் முயற்சி 2020 அக்டோபரில்தான் தொடங்கிற்று. மிளகாயும் போர்த்துக்கீசியர் வழியாக வந்ததே. அயலிலிருந்து வந்தவை நம் அடுக்களையில் உறவாகிவிட்டன. ஆனால், எங்கள் வீட்டில் உறவே அயலாகிக் கொண்டிருந்தது.

சென்ற ஆண்டு காரைக்குடிப் பக்கத்திலிருந்து எம் தாயார் எங்களோடு வாழ வந்தார்கள். எங்கள் மகள் டில்லியிற் பிறந்தவள், வயது பன்னிரண்டு. பள்ளியிலும் இந்தி, தெருவிலும் இந்தி. அப்பத்தா எதைக் கேட்டாலும் ஒரு சொல்லில் விடை கூறி அகன்றுவிடுவாள். இதனைக் கண்டும் நாங்கள் வாளாவிருந்தோம். அது எங்கள் பிழை.

ஞாயிறன்று சந்தைக்கு விடுமுறையாதலால், ஒரு சனிக்கிழமை இருவரையும் அழைத்துச் சென்றோம். குழம்புக்குக் கல்பாசி வேண்டும் என்றார் தாயார். அதன் இந்திப் பெயரை நாங்கள் அறியோம். மகளோ அப்பொருளையே அறியாள்.

"அது எப்படி இருக்கும், அப்பத்தா?" என்று வினவினாள்.

"பாறையிலே படரும், கண்ணு. காய்ந்த பூ மாதிரி கறுப்பாய்ச் சுருண்டிருக்கும்."

அதனை அவள் இந்தியில் கூறவே, கடைக்காரர் நகைத்து, "பத்தர் கே ஃபூல்!" என்று ஒரு பிடி அள்ளி வைத்தார்.

"கல்லுப்பூ என்கிறார், அப்பத்தா!" என்று துள்ளினாள் மகள்.

பின்னர், கடைக்குக் கடை இவள் இந்திப் பெயரைச் சொல்ல, அவர் தமிழ்ப் பெயரைச் சொல்ல, எங்களை மறந்து இருவரும் முன்னே நடந்தனர். அன்றிரவு, கல்பாசி சூடான எண்ணெயிற் பட்ட பின்னரே மணக்கும் என்பதையும் அப்பத்தா அடுப்பருகே நிறுத்திக் காட்டினார்.

அன்பர்களே! பிள்ளைகள் தமிழை மறந்தனர் என்று நொந்து பயனில்லை. தமிழ்ச் சொல் தேவைப்படும் இடத்திற்கு அவர்களை நாம் அழைத்துச் சென்றோமா? அடுத்த முறை பையை எடுக்கும்போது, வீட்டுப் பெரியவர் கையில் ஒரு குழந்தையின் கையைக் கொடுத்து அனுப்புங்கள். பை நிறையும்; வீடும் நிறையும்.