சிறுநீர்ப்பை நலமும் பணியிட வசதியும்



இதயத்தைப் பற்றியும் நுரையீரலைப் பற்றியும் பொது மேடைகளில் தடையின்றிப் பேசுகிறோம். சிறுநீர்ப்பையைப் பற்றிப் பேச மட்டும் கூசுகிறோம். இக்கூச்சத்தால் மிகுதியும் அல்லற்படுவோர் பணிபுரியும் மகளிரே. ஆதலால் இன்று அதைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

சிறுநீர்ப்பை தசையாலான ஓர் உறுப்பு. வளர்ந்தோரிடம் அது ஏறத்தாழ 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். அதிலிருந்து சிறுநீர் வெளியேறும் வடிகுழாய் ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம் உடையது. பெண்களுக்கோ சுமார் 4 சென்டிமீட்டரே. குடலில் வாழும் ஈ. கோலை போன்ற கிருமிகள் இக்குறுகிய வழியே எளிதில் மேலேறுகின்றன. அவ்வாறு ஏறும் கிருமிகளை அவ்வப்போது அலசி வெளியேற்றுவது சிறுநீரின் ஓட்டமே.

நீர் மிகுதியாகப் பருகினால் தொற்று குறையும் என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கூறி வந்தனர். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் தக்க சான்று அளித்தது. அடிக்கடி தொற்றுக்கு ஆளாகி, குறைவாகவே நீர் பருகி வந்த 140 பெண்களைப் பல்கேரியாவில் ஓராண்டு கண்காணித்தனர். அவர்களுள் ஒரு பாதியினர் வழக்கத்திற்கு மேல் நாள்தோறும் ஒன்றரை லிட்டர் நீர் பருகினர். இவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை வந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் தேவையும் ஏறக்குறையப் பாதியாயிற்று. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவரும் இந்நாளில் இது சிறு பயன் அன்று. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவிலேயே நீர் பருக வேண்டும்.

ஆனால் கட்டடத் தளத்தில் செங்கல் சுமக்கும் பெண்ணும், துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணும் இவ்வறிவுரையை எவ்வாறு கடைப்பிடிப்பர்? கழிப்பறை இல்லாத இடத்திலும், இருந்தும் பூட்டிக் கிடக்கும் இடத்திலும் அவர்கள் காலை முதலே தண்ணீரைத் தவிர்க்கின்றனர். வந்த உணர்வையும் அடக்கிக்கொள்கின்றனர். எரிச்சலும் காய்ச்சலும் கண்டபின் மருந்துக்கும் செலவு. அன்றைய கூலியும் போயிற்று. தொற்று சிறுநீரகத்தை எட்டினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் அக்கடமையை வலியுறுத்துகிறது. 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் வீடுகளில் கழிப்பறை கட்டுவதைப் பேரளவில் முன்னெடுத்தது. பணியிடத்திலும் அத்தகைய அக்கறை தேவை.

அலுவலர்களே, ஆய்வுக்குச் செல்லும்போது கழிப்பறை உண்டா என்பதோடு நின்றுவிடாதீர்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் உள்ளதா, சாவி யாரிடம் உள்ளது, சென்றுவர எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பெண் தொழிலாளர்களிடமே கேளுங்கள். மாணவர்களே, உங்கள் கள ஆய்வுகளில் இக்கேள்விகளுக்கும் இடம் கொடுங்கள்.

நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாக நீர் பருகுமாறு மருத்துவர் எழுதித் தரலாம். அதைப் பருகும் பெண்ணுக்குப் பணியிடத்தில் திறந்திருக்கும் ஒரு கதவை உறுதிசெய்யும் அதிகாரம் உங்கள் கையில் உள்ளது.