பூட்டும் சாவியும் யார் கையில்?

(தென்காசி கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'அரட்டை' என்பது நம்ம வாத்தியார்களுக்கு வசவுச் சொல். அதையே பெயராக வைத்து 2021-இல் ஜோஹோ கம்பெனி ஒரு செயலியைக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் மத்திய மந்திரிகள் 'சுதேசி' என்று சிபாரிசு செய்ய, திடீரென்று பரவியது. அந்தக் கம்பெனி 2011 முதல் மத்தளம்பாறையில் இருப்பதால் நமக்கும் ஊர்ப்பெருமை. இருக்கட்டும். ஆனால் அப்போது அதில் பேச்சு அழைப்புக்குத்தான் முழுப் பூட்டு. எழுதி அனுப்பும் செய்திக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் 2016-லேயே வந்துவிட்ட அந்தப் பூட்டு, இதில் எழுத்துக்கு வந்தது 2025 நவம்பரில்.

பூட்டு என்றால் என்ன? அனுப்புகிற போனிலேயே செய்தி புரியாத குறியீடாக மாறிவிடுது. அதைத் திறக்கும் சாவி, பெறுகிறவர் போனில் மட்டும். நடுவில் உள்ள கம்பெனிக்குச் சுமைகூலி வேலைதான். பூட்டு இல்லையென்றால், நடுவில் இருப்பவன் நல்லவன் என்று நம்பிக் கிடக்க வேண்டியதுதான்.

அப்படி நம்பிக் கிடந்த அனுபவம் நம்மளவுக்கு யாருக்கு உண்டு? 1901-இல் அப்பாவைப் பார்க்க சதாராவிலிருந்து கிளம்பிய சிறுவன் அம்பேத்கர், மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கிறார். அழைத்துப்போக யாரும் வரவில்லை. வருவதாக எழுதிய கடிதம் வேலையாள் கைக்கு வந்தது; அவர் அப்பாவிடம் கொடுக்கவில்லை. சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுத்தது, இரட்டைக் கூலி கொடுத்துப் பிள்ளைகளே வண்டியோட்டியது, குடிக்கத் தண்ணீர் இல்லாத அந்த ராத்திரி... 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தவர்களுக்குத் தெரியும். (அப்பா அங்கே காசாளர். எங்க வர்க்கம்!)

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகி, இலக்கியமாயின. குறை சொல்லல. ஆனால் நம்ம வீடுகளில் கடிதம் எழுதவும் ஆள் வேணும், வாசிக்கவும் ஆள் வேணும். பம்பாயிலிருந்து மகன் எழுதியது தெருவுக்கே தெரிஞ்சிரும். இப்பவும் பேங்க் கவுண்டரில் நூறுநாள் வேலை அக்காக்கள் போனையே நீட்டி, "நம்பர் வந்திருக்கா பாருங்க சார்" என்கிறார்கள். நான் பார்க்கக் கூடாததெல்லாம் திரையில் கிடக்கு.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2019 அக்டோபரில், பெகாசஸ் உளவு மென்பொருள் குறிவைத்தவர்களில் ஆனந்த் டெல்டும்டேயும் ஒருவர் என்று தெரிந்தது. பூட்டு வழியைத்தான் காக்கும். போனுக்குள்ளேயே ஆள் புகுந்துட்டா அது என்ன செய்யும்?

அடுத்து, 'வெற்றி'. ஜோஹோ பங்குச்சந்தைக்குப் போகாமல் வளர்ந்த கம்பெனி. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தன் பள்ளியில் பயிற்சி தந்து வேலையும் தருகிறது. மதிக்கிறேன். ஆனால் 'பட்டம் எதுக்கு' என்கிற பேச்சு, மூணு தலைமுறைப் பட்டம் சுவரில் தொங்குகிற வீட்டில் ஒருமாதிரி கேக்கும். முதல் பட்டத்துக்கு இன்னும் சட்டம் போடாத வீட்டில் வேறமாதிரி கேக்கும். தனியார் கம்பெனிக்கு இடஒதுக்கீடும் கிடையாது. உள்ளே யார் வந்தார், யார் வரலை என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது.

"பையன் செட்டிலாயிட்டானா?" என்கிறார்கள். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட நம்ம பையன் மென்பொருள் பொறியாளர். படிப்பு, சம்பளம், சென்னையில் உத்தியோகம் என்று ஊர் வெற்றி என்கிற எல்லாம் அவனிடம் இருந்தது. கைதானது, அவன் விரும்பிய பெண்ணின் சகோதரன். இந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது? எனக்குத் தெரிந்த வரவு செலவில் இடமில்லை.

நம்ம பக்கமும் பேசணும். போராட்டத் தேதி, வந்த பெண்களின் பேர் எல்லாம் குழுவில் போடுறோம். முந்நூறு பேர் உள்ள குழுவுக்கு முந்நூறு சாவி. வீட்டில் அண்ணன்காரன் தங்கச்சி போனைப் பிடுங்கித் திறந்தால் எந்தக் கம்பெனிப் பூட்டும் நிற்காது. ஆகவே, சாதி மறுத்து மணந்த ஜோடிக்கு வீடு பார்க்கிற தோழர்கள் அந்த விலாசத்தை எதிலும் எழுதாதீங்க. நேரில் போய்ச் சொல்லுங்க.

செங்கோட்டை கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. கேள்வி இருந்தா கேளுங்க.