பதிவு போன்ல இருந்தா போதுமா? பாடம் மனசுல ஏறணும்!

மாணவரணிப் பயிலரங்கில் ஆற்றிய உரை:



உங்க வீட்டுல முதன்முதலா கல்லூரி வாசலை மிதிச்சவங்க எத்தனை பேர்? கையைத் தூக்குங்க. இதை வாசிக்கிற நீங்களும் மனசுக்குள்ள தூக்கிக்கோங்க. இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

தமிழ் வழியில பன்னிரண்டாம் வகுப்பு முடிச்ச பிள்ளைக்கு முதல் செமஸ்டர் எப்படி இருக்கும்? ஆசிரியர் ஆங்கிலத்துல பேசிக்கிட்டே போவார். ஒரு சொல்லுக்குப் பொருள் யோசிக்கிறதுக்குள்ள மூணு வரி தாண்டிடும். எழுந்து கேக்கக் கூச்சம். அந்தப் பிள்ளைக்குப் பதிவு செய்த பாடம் பெரிய துணை. நிறுத்தலாம், பின்னால ஓட்டலாம், பத்து முறை கேட்டாலும் அது முகம் சுளிக்காது. 2003-இல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்கள் இன்னைக்கு இணையத்தில் இலவசம்.

ஆனா நாம என்ன செய்றோம்? கரும்பலகையை போட்டோ எடுக்கிறோம். சீனியர் நோட்ஸை வாங்கி ஜெராக்ஸ் போடுறோம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி வீடியோவை இரட்டை வேகத்துல ஓட்டுறோம். பார்க்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கும். வினாத்தாளைப் பார்த்ததும் பேனா நின்னுடும்.

குறை உங்க மூளையில இல்ல, படிக்கிற முறையில! அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகவே எழுதினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள் யார் தெரியுமா? படித்ததை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள்.

அதனால இன்னைக்கே தொடங்குங்க. பத்து நிமிஷம் கேளுங்க, நிறுத்துங்க. நோட்டைப் பார்க்காம, புரிஞ்சதைத் தமிழ்லயே எழுதுங்க. விட்டுப்போன இடத்துக்கு மட்டும் திரும்பிப் போங்க. வாரக் கடைசியில பக்கத்து பெஞ்சு நண்பனுக்குச் சொல்லிக் கொடுங்க.

கல்லூரிகளிடம் நாம கேக்குறதும் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு வகுப்புப் பாடமும் பதிவாகணும். தமிழ் எழுத்து வரிகளோட, கல்லூரி நூலகத்துல காசில்லாம கிடைக்கணும். வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிற பிள்ளை ஒரு வகுப்பைத் தவற விட்டதால பட்டத்தையே தவற விடக்கூடாது.

அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. வாங்கியதைப் படித்து முடிப்பது நம் கடமை.