ஓடத் தொடங்கி ஓய்ந்துவிடும் வண்டி



மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளன்று. திம்புள்ளப் பகுதியிலே பெருவீதியை விட்டு ஐந்தாறு கிலோமீற்றர் உள்ளே தள்ளிக் கிடக்கும் லயன் குடியிருப்பு ஒன்றை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணை லிந்துலை வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டு செல்ல வேண்டும். அவ்வேளையில் கதவைத் தட்டி எழுப்பக்கூடிய வீட்டில் நிற்பது பெரும்பாலும் ஒரு முச்சக்கர வண்டி; அன்றேல், உரிமையாளரின் தந்தை காலத்தில் வாங்கப்பெற்ற ஒரு பழைய கார். அந்தக் கார் உடனே உயிர்பெற்று, வாசலைத் தாண்டி, முதல் வளைவிலேயே ஓய்ந்து நின்றுவிடுமானால் அது வெறும் இயந்திரக் கோளாறு அன்று என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நான் கலைப்பட்டதாரி, பாடசாலை அதிபர். இயந்திர நூலை முறையாகக் கற்றவனல்லன். ஆயினும் பழைய கார்களோடு நெடுங்காலம் பழகியவன். அவற்றைப் பழுதுபார்க்கும் தொழிலாளர் அருகிலே நின்று கேள்வி கேட்டே பொழுது போக்கியவன். அந்தப் பழக்கத்தால் அறிந்தவற்றையே இன்று கூற முற்படுகிறேன்.

இந்நாட்டில் பழைய கார்கள் இத்துணைக் காலம் நின்று நிலவுவதற்குக் காரணம் பற்று மட்டுமன்று, பொருளாதாரமும் ஆகும். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி ஒடுங்கிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. ஆகவே ஆங்கில நாட்டில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட மொறிஸ் மைனரும், அதன் உறவினரான ஒஸ்டின் கார்களும், 1977க்குப் பின் வந்திறங்கிய பழைய டட்சன் சனிகளும் இன்றும் நம் வீதிகளில் ஏறி இறங்குகின்றன. இவற்றில் கணினி இல்லை. குறை இன்னதென்று விளக்கெரிந்து சொல்லும் வசதி இல்லை. நாமே கண்ணாலும் காதாலும் மூக்காலும் ஆராய்ந்து அறிய வேண்டும்.

ஆராய்ச்சியின் முதற்கேள்வி ஒன்றே. வண்டி எப்பொழுது நிற்கிறது? சாவியை விட்ட கணத்திலா, ஒரு நிமிடம் ஓடியபின்னா, சூடேறிய பின்னா, பனிமூட்டத்திலா? தலைவலி என்று வந்தவரிடம் வைத்தியர் காலையிலா மாலையிலா என்று கேட்பதை ஒத்தது இது. இதைக் கேளாமல் முதலிலே பற்றரியை மாற்று, அடுத்துக் கொயிலை மாற்று என்று தொடங்குகிறவரிடம் நம் பணம் கரையும்; நோய் கரையாது.

இரண்டாவது பிரிவு தீப்பொறியா, பெற்றோலா என்பது. பெற்றோல் இயந்திரம் ஓடுவதற்குக் காற்றுடன் கலந்த பெற்றோலும், அதை உரிய வேளையில் எரிக்கும் தீப்பொறியும் வேண்டும். தொடங்கியபின் நிற்கும் வண்டியில் இவ்விரண்டில் ஒன்று இடையிலே கைவிட்டிருக்கிறது. எது என்பதை வண்டி நின்ற அக்கணமே பார்க்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் குறை மறைந்திருக்கும். மேலதிகமாக ஒரு பிளக்கைக் காரில் வைத்திருங்கள். நின்றவுடன் ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி அதனை இந்தப் பிளக்கில் மாட்டுங்கள். பிளக்கின் உலோகப் பகுதி இயந்திரத்தின் உலோகத்தில் நன்கு படியும்படி வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, மற்றொருவரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். நீலநிறத்தில் ‘சடக்’ என்று பொறி தாவினால் மின்சாரத்தின்மேல் பழியில்லை. மஞ்சளாய், மெலிந்து, விட்டுவிட்டு வந்தாலோ வராவிட்டாலோ, கொயில், கண்டென்சர், தொடுமுனைகள் ஆகியவற்றை நோக்க வேண்டும். சுற்றிலும் பெற்றோல் கசிந்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்யலாகாது.

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை ஓடி, கையை விட்டதும் அணையும் வண்டி தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறது. 1970களின் கார்கள் பலவற்றிலே கொயிலுக்கு மின்சாரம் இருவழியாகச் செல்லும். ஸ்டார்ட்டர் சுழலும்போது பற்றரியின் வலு தாழ்வதால், அவ்வேளையில் முழு மின்சாரமும் நேரே செல்லும். சாவி பின்வாங்கியதும் ஒரு மின்தடை வழியாகக் குறைந்த மின்சாரம் செல்லும். அம்மின்தடை அறுந்திருந்தால், அல்லது சாவிப் பூட்டின் உட்தொடுப்புத் தேய்ந்திருந்தால், தொடங்கும், விட்டவுடன் நிற்கும். தடையைத் தவிர்த்து நேரே ஒரு கம்பி போட்டுக் கொடுக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. வண்டி ஓடும், சில நாளில் கொயிலும் தொடுமுனைகளும் கருகும். மொறிஸ் மைனரில் இந்த ஏற்பாடு இல்லை. ஆகையால் மைனர்காரர்கள் இதைப் பற்றிக் கவலை கொள்ள வேண்டாம்.

நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படுவது, நன்றாகத் தொடங்கிச் சிறிது தூரம் ஓடியபின் மூச்சிழந்து நிற்பதுதான். காபரேற்றரின் பக்கத்தே மிதவைக் கிண்ணம் ஒன்று உண்டு. இரவு முழுதும் அதில் நின்ற பெற்றோலைக் கொண்டு இயந்திரம் சில நிமிடங்கள் ஓடும். ஏற்றத்தில் இன்னும் குறைந்த நேரமே ஓடும். புதிய பெற்றோல் வந்து சேராவிட்டால் கிண்ணம் வற்றியதும் வண்டி நிற்கும். எனவே “காலையில் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிறதே, பெற்றோல் வராமலா?” என்ற வாதம் செல்லாது.

எங்கள் பக்கத்திலே மொறிஸ் மைனர் ஒன்றை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்த ஒருவர் இந்த நோயினால் பல வாரம் வருவாய் இழந்தார். வண்டி ஓரிரு கிலோமீற்றர் ஓடும், நிற்கும், சிறிது பொறுத்தால் மீண்டும் ஓடும். கொயில் மாறிற்று, பிளக்குகள் மாறின, கடன்பட்டுப் பெற்றோல் பம்பும் மாற்றினார். நோய் அப்படியே இருந்தது. அவர் சொன்ன ஒரு செய்தி மட்டும் விந்தையாக இருந்தது: தொட்டியில் பெற்றோல் குறைந்திருக்கும் நாளில் வண்டி நெடுந்தூரம் ஓடுகிறது, நிரப்பிய நாளில்தான் விரைவில் நிற்கிறது. கேட்டவர் யாவரும் சிரித்தனர். முதிய லொறிச் சாரதி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “அடுத்தமுறை நின்றதும் வேறொன்றும் செய்யாதே, தம்பி, தொட்டி மூடியைத் திறந்து காதைக் கொடு” என்றார். அவ்வாறே செய்தபோது ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. வண்டி உடனே ஓடிற்று.

செய்தி இதுதான். பெற்றோல் வெளியேறும் அளவுக்குத் தொட்டிக்குள் காற்றுப் புகவேண்டும். பழைய கார்கள் பலவற்றில் அக்காற்று மூடியிலுள்ள நுண்துளை வழியாகவே புகுகிறது. இவர் மூடி தொலைந்துபோக, துளையில்லாத வேறொரு காரின் மூடியைப் போட்டிருந்தார். பம்பு உறிஞ்ச உறிஞ்சத் தொட்டியில் வெற்றிடம் மிகுந்து, ஈற்றில் பம்பின் வலுவை அது வென்றுவிட்டது. நிரம்பிய தொட்டியில் காற்றுக்குரிய இடம் சிறிது. ஆதலால் வெற்றிடம் விரைவில் மிகும். குறைந்த தொட்டியில் அவ்வாறன்று. சிரிப்புக்குரியதாகத் தோன்றிய அச்செய்தியே முழு விடையும் ஆகும். காற்றுத்துளையோ காற்றுக் குழாயோ உள்ள வண்டிகளிலும் அது அடைபடுவதுண்டு. மண்குளவிக்கு இத்தகைய சிறு துவாரங்கள் மிகவும் விருப்பமான இடம். நீண்டநாள் நிறுத்திவைத்த வண்டியாயின் புகைக்குழாயின் வாயையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது அடைபட்டிருந்தாலும் வண்டி தொடங்கித் திணறி நிற்கும்.

மைனரின் மின்பம்பு பேசும் தன்மையுடையது. சாவியைத் திருப்பியதும் ‘டக் டக்’ என்று அடிக்கும். கிண்ணம் நிரம்பியதும் ஓயும். சற்றும் ஒலி இல்லையேல் மின்சாரம் வரவில்லை, அல்லது பம்பின் தொடுமுனைகள் தீய்ந்துள்ளன. திருகுசாவியின் பிடியால் மெல்லத் தட்ட அது விழித்துக்கொள்ளுமாயின் தொடுமுனைகளே குற்றவாளிகள். ஓயாமல் விரைந்து அடித்தால் தொட்டி வெறுமை, அல்லது உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்றுக் கசிவு. வானொலியின் ஒலியைத் தணித்துவிட்டு இதனைக் கேட்கப் பழகுதல் நன்று. வானொலியில் பேசிக்கொண்டே இதைச் சொல்கிறேன்!

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலையில் கியூஆர் அட்டை முறை வரும்வரை வரிசையில் நின்ற நாட்கள் எத்தனை! அக்காலத்தில் பழைய கார்கள் பல மாதக்கணக்கில் அரைத்தொட்டியோடு நின்றன. குளிர்ந்த ஈரக்காற்று அரைத்தொட்டியின் சுவரில் நீராய்ப் படிந்தது, இரும்பு துருவேறிற்று. அந்தத் துரு பின்னர் வடிகட்டியையும் குழாயையும் நாடி வரும். ஐயம் தீர வழி எளிது. தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் வடித்து அசையாமல் வையுங்கள். நீர் இருந்தால் கீழே தனிப்படையாகத் தங்கும். துரு அதனடியில் செந்நிறமாய்ப் படியும். இதனைத் திறந்த வெளியில், ஆறிய வண்டியில், பீடியோ அடுப்போ அணுகாத இடத்தில் செய்க.

சோக்கை இழுத்தால் ஓடி, உள்ளே தள்ளியதும் நிற்கும் வண்டிக்குக் கலவையில் காற்று மிகுந்துள்ளது என்பது பொருள். காற்றுக்குழாய்களில் வெடிப்பு, இணைப்புகளில் இடைவெளி, காபரேற்றரின் நுண்வழியில் அடைப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். இயந்திரம் மெல்ல ஓடும்போது இணைப்புகளின்மேல் சிறிது நீர் தெளிக்க, ஓட்டம் மாறுமாயின் அங்கேதான் கசிவு. டட்சன் போன்ற கார்களில் காபரேற்றரோடு இணைந்த சிறு மின்வால்வு ஒன்று உண்டு. அதன் கம்பி கழன்றிருந்தாலும் வண்டி நின்ற நிலையில் ஓடாது. மாறாகக் கரும்புகையும் பெற்றோல் நெடியும் வீசுமாயின் பெற்றோல் மிகுந்து மூழ்கடிக்கிறது. கடல்மட்டத்தைவிட 1,400 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. கொழும்பிலே சீர்செய்த காபரேற்றர் தலவாக்கலையில் சற்றே மிகையாகப் பெற்றோல் ஊட்டுவது இதனாற்றான்.

இனி, மலைநாட்டுக்கே உரிய ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். பனிமூட்டம் கவிந்த குளிர்காலை. வண்டி தொடங்கி ஐந்து நிமிடம் ஓடி, வலுக்குன்றி நிற்கிறது. மூடியைத் திறந்து பார்க்கிறோம். ஒரு குறையும் இல்லை. சிறிது நேரத்தில் தானே ஓடுகிறது. பெற்றோல் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. கையில் ஒரு துளி பட்டால் சில்லென்பது அதனால்தான். வெளிக்காற்று பத்துப் பாகை வெப்பத்தில் இருக்கும்போதே காபரேற்றரின் தொண்டை உறைநிலைக்குக் கீழே சென்றுவிடலாம். ஈரக்காற்றிலுள்ள நீர் அங்கே பனிக்கட்டியாய்ப் படிந்து காற்றுவழியை அடைக்கிறது. வண்டி நின்றதும் இயந்திரச் சூடு மேலேறிக் கட்டி உருகுகிறது. குற்றத்தின் சான்றும் உருகிப் போகிறது! சில ஆங்கிலக் கார்களில் காற்றுவடிகட்டியின் வாயைப் புகைபோக்கியின் சூட்டுப்பக்கம் திருப்பிவைக்க வசதி உண்டு. குளிர் மாதங்களில் அவ்வாறு திருப்பிவிடலாம். இல்லையேல் வாசலிலேயே சில நிமிடம் சூடேறவிட்டுப் புறப்படுவது போதும். ஆனால் மூடிய கொட்டகைக்குள் வேண்டாம். அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

இதற்கு நேர்மாறானது கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும்போது நிகழ்வது. தாழ்ந்த கியரில் நெடுநேரம் ஏறி, இயந்திரம் கொதித்து, குழாயிலேயே பெற்றோல் ஆவியாகிவிடும். பம்பு ஆவியை உறிஞ்ச இயலாமல் தவிக்கும். குழாயிலும் பம்பிலும் ஈரத்துணி சுற்றினால் தெளியும். தெளியாவிட்டால் கண்டென்சரையும் கொயிலையும் ஐயுறுக; சூட்டில் செத்து ஆறியதும் பிழைப்பது அவற்றின் இயல்பு. அங்கேதான் முன்னர்ச் சொன்ன பிளக்குச் சோதனை கைகொடுக்கும்.

ஏற்றத்தில் நின்றால், முதலில் கைத்தடையை இழுத்து, கியரில் போட்டு, சில்லுக்குக் கட்டை வைத்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். இயந்திரத்தின் உறிஞ்சுவலுவால் தடைக்கு உதவிபெறும் கார்களில், இயந்திரம் நின்றபின் ஓரிரு மிதிப்புக்குமேல் மிதி இறுகிவிடும். நின்ற வண்டியைச் சரிவில் பின்னோக்கி உருளவிட்டுத் தொடக்க முயல்வோரை இவ்வீதிகளில் கண்டிருக்கிறேன். அது செய்யத்தகாத செயல்.

பழுதுபார்ப்பவரிடம் போகுமுன் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நின்றது எத்தனை நிமிடத்தில், சூட்டிலா குளிரிலா, தொட்டியில் எவ்வளவு, பொறி இருந்ததா, மூடியைத் திறந்தபோது ஒலி கேட்டதா, மீண்டும் ஓட எவ்வளவு நேரமாயிற்று. அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, முதலில் அதைப் படிக்குமாறு கேளுங்கள். அதன்பின் கருவிப்பெட்டியைத் திறக்கட்டும்.